இளவரசனுக்கு ஒரு மணி நேரம்

தெருமுனை மருந்துக்கடை. இரவு கடை அடைக்கிற நேரம். பில் போடுகிறவர் ஷட்டரைக் கொக்கி மாட்டி இழுத்துக்கொண்டிருந்தார். டிபன் பாக்ஸை உள்ளே மறந்துவிட்டு வெளியே வந்திருந்த பையன், "அண்ணே, ஒரு நிமிஷம்" என்று கத்திக்கொண்டே ஓடிவந்து, பாதிக்கு மேல் இறங்கிவிட்ட ஷட்டருக்கு அடியில் குனிந்து உள்ளே புகுந்தான். மாத்திரைப் பையோடு நின்றிருந்த எனக்கு ஒரு கணம் மூச்சு நின்றது. இடது கைச் சுண்டுவிரல் தானாக மடங்கி, அங்கே இல்லாத ஒரு கீயை அழுத்தியது.

அந்தக் கீ ஷிஃப்ட். இறங்கிக்கொண்டிருந்தது நிலவறையின் இரும்புக் கதவு. அடியில் புகுந்து ஓடியவன் பாரசீக இளவரசன். வீட்டுக்கு நடந்து வருகிற வழியெல்லாம் நான் பாளையங்கோட்டையில்தான் இருந்தேன்.

பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்த கோடை விடுமுறை அது. அதற்கு முன்பெல்லாம் அந்த விடுமுறையில் பெண்பிள்ளைகளைத் தையலுக்கோ டைப்ரைட்டிங்குக்கோ அனுப்புவார்கள். எங்கள் வருஷத்தில்தான் கம்ப்யூட்டர் கிளாஸ் வந்து சேர்ந்தது. "இனிமே எல்லாம் கம்ப்யூட்டர்தான்" என்று அப்பாவிடம் ஆபீசில் யாரோ சொல்லிவிட்டார்கள். அடுத்த திங்கட்கிழமையே மார்க்கெட் பக்கம் ஒரு ஜவுளிக்கடை மாடியில் என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தார். மாடிப்படி முடிகிற இடத்தில் செருப்பைக் கழற்றிவிட வேண்டும். கண்ணாடிக் கதவைத் திறந்தால் ஏசி. சித்திரை வெயிலில் வெந்து வந்த காலுக்குக் கார்ப்பெட் சில்லென்று இருக்கும். புது கார்ப்பெட்டும் சூடேறிய மானிட்டரும் சேர்ந்த அந்த மணத்தை வேறெங்கும் நான் முகர்ந்ததில்லை. மெஷின்களுக்குத்தான் ஏசி, நமக்கு அல்ல என்று சார் முதல் நாளே சொல்லிவிட்டார். மானிட்டர்களுக்குத் துணியில் தைத்த உறைகள் உண்டு. வந்ததும் அதை மடித்து வைப்பதும் போகும்போது போர்த்துவதும் எங்கள் பொறுப்பு.

பேசிக், வேர்ட்ஸ்டார், டிபேஸ். இவற்றில் அன்றைய பாடத்தை முடித்தவர்களுக்குக் கடைசி அரைமணி நேரம் கேம். டிக்கர், பாராட்ரூப்பர், டேவ் எல்லாம் இருந்தன. அவற்றில் வருகிற ஆட்கள் கட்டம் கட்டமாக நகர்வார்கள், குதித்தால் பந்து மாதிரி எம்பி இறங்குவார்கள். அப்படியிருக்கையில் சாரின் தம்பி மெட்ராஸிலிருந்து ஃபிளாப்பியில் 'பிரின்ஸ்' கொண்டுவந்தார். ஹார்ட் டிஸ்க் இருந்த மெஷின்களில் சார் மேசையில் இருந்தது போக மிச்சம் ஒன்றே ஒன்று, சுவரோரம் ஆம்பர் நிறத் திரையோடு நின்றது. அதில்தான் ஏற்றினார்கள். ஆகவே எல்லோரும் அதைச் சுற்றித்தான் நிற்க வேண்டும். பெண்பிள்ளைகள் ஒரு வரிசை, பையன்கள் ஒரு வரிசை என்று சார் போட்டிருந்த ஏற்பாடு அந்த ஒரு மெஷினுக்கு முன்னால் மட்டும் செல்லுபடியாகவில்லை.

முதல்முறை அவன் ஓடியதைப் பார்த்தபோது யாரும் பேசவில்லை. வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சராய், வெறுங்கால். ஓட ஆரம்பிக்க இரண்டு எட்டு எடுக்கிறான். நிற்கச் சொன்னால் உடனே நிற்காமல் கொஞ்சம் சறுக்கி நிற்கிறான். விளிம்பைப் பிடித்துத் தொங்கி, உடம்பை ஆட்டி, முழங்காலை ஊன்றி மேலே ஏறுகிறான். "இவன் நெசமாவே ஓடுறாம்லே" என்றான் பின்னால் நின்ற ஒரு பையன்.

அவன் சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை என்று தெரிய எனக்குப் பல வருஷம் ஆயிற்று. அந்த விளையாட்டைத் தனியொருவராக உருவாக்கிய ஜோர்டன் மெக்னர், யேல் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தபோதே 'கராத்தேகா' என்ற விளையாட்டைச் செய்து பெயர் வாங்கியவர். 1985-இல் தம்பி டேவிடுக்கு வெள்ளை உடை போட்டுவிட்டு, கார் நிறுத்துமிடம் ஒன்றில் ஓடவும் தாவவும் தொங்கவும் சொல்லி வீடியோ எடுத்தார். அந்தப் படச்சட்டங்களை ஒவ்வொன்றாக வரைந்து கம்ப்யூட்டருக்குள் கொண்டுபோனார். வாள்சண்டைக்கு 1938-இல் வந்த ராபின் ஹூட் படத்தில் எரோல் ஃப்ளினும் பாசில் ராத்போனும் மோதுகிற காட்சியிலிருந்து சில விநாடிகள் கிடைத்தன. இசை அவருடைய அப்பா போட்டது. நான்கு வருஷ உழைப்பு. 1989-இல் புரோடர்பண்ட் நிறுவனம் அதை ஆப்பிள் டூ கம்ப்யூட்டருக்கு வெளியிட்டபோது அந்த மெஷினின் காலமே முடிந்துகொண்டிருந்ததால் விற்பனை மந்தம். டாஸுக்கும் மற்ற மெஷின்களுக்கும் மாற்றிய பிறகுதான் உலகம் முழுக்கப் பரவியது. பாளையங்கோட்டை ஜவுளிக்கடை மாடிக்கும் வந்தது.

கதை இரண்டு வரிதான். சுல்தான் ஊரில் இல்லாத சமயம் மந்திரி ஜாஃபர் இளவரசியைச் சிறைவைத்து, மணல் கடிகாரத்தைக் கவிழ்த்து வைக்கிறான். ஒரு மணி நேரத்துக்குள் அவனைக் கட்டிக்கொள்ளச் சம்மதிக்க வேண்டும், இல்லையென்றால் சாவு. நிலவறையில் கிடக்கும் நாயகன் அதற்குள் மேலேறி வந்தாக வேண்டும். அந்த ஒரு மணி நேரம் நம் கைக்கடிகாரத்தின் அதே அறுபது நிமிஷம். செத்தால் அந்தக் கட்டத்தின் தொடக்கத்திலிருந்து மறுபடி ஆடலாம், ஆனால் போன மணல் போனதுதான். ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை மிச்ச நேரம் திரையின் அடியில் வரும். அதைப் பார்க்கிற ஒவ்வொரு முறையும் வயிற்றைக் கலக்கும்.

எங்களைப் படுத்தியது நேரம் மட்டுமில்லை. அவனுக்கு எடை இருந்தது. ஒரு மாடி உயரம் குதித்தால் ஒன்றுமாகாது, இரண்டு மாடி என்றால் ஓர் உயிர் போகும், மூன்று என்றால் முடிந்தது. ஆட்டம் தொடங்கும்போது கையில் இருப்பது மூன்று உயிர். தரையில் சில பலகைகள் தளர்ந்திருக்கும், மிதித்தால் நடுங்கி விழும். சில மிதிபலகைகள் கதவைத் திறக்கும், சில மூடும். எது எது என்று மிதித்த பிறகுதான் தெரியும். முள்குழியை ஓடிக் கடந்தால் குத்திக் கிழித்துவிடும். ஷிஃப்டை அழுத்தி ஒவ்வோர் அடியாக வைத்தால் முட்களுக்கு நடுவே சாதாரணமாக நடந்துபோய்விடலாம். அவசரத்தில்தான் சாவு, ஆனால் அவசரப்படாமல் இருக்க நேரமில்லை. அந்த விளையாட்டின் மொத்தக் கொடுமையும் மொத்த அழகும் இதில் இருக்கிறது.

எங்கள் திரையில் இன்னொரு கஷ்டம் இருந்தது. வழியில் குப்பிகள் வைத்திருப்பார்கள். சிலது உயிர் கொடுக்கும், சிலது உயிரைக் குடிக்கும். ஒன்றின் குமிழி சிவப்பு, மற்றதன் குமிழி நீலம். ஒற்றை நிறத் திரையில் எல்லாக் குப்பியும் ஒன்றுதான். குடித்துச் செத்து, இந்த அறையில் இந்தக் குப்பி விஷம் என்று நோட்டில் எழுதிவைத்தோம். கல்லூரிக்குப் போய்க் கலர் மானிட்டரில் அதே விளையாட்டைப் பார்த்தபோது, குமிழி நீலமாகப் பொங்குவதைக் கண்டு நான் அப்படியே நின்றுவிட்டேன். இத்தனை வெளிப்படையாகச் சொல்லித்தான் வைத்திருக்கிறார்கள்.

அந்த நோட்டு அக்காவுடையது. அவரைப் பற்றிச் சொல்லாமல் பிரின்ஸைப் பற்றி என்னால் பேச முடியாது. பி.காம். முடித்து, டைப்ரைட்டிங் ஹயர் பாஸ் பண்ணி, வேலைக்கு மனுப்போட்டுக்கொண்டே டிபேஸ் படிக்க வந்தவர். எங்களைவிட ஆறேழு வயது பெரியவர். பையன்கள் கீபோர்டைப் பார்த்துப் பார்த்து, ஷிஃப்டுக்கு வலது கையையே கொண்டுபோய் மீட்டு வருவதற்குள் இளவரசன் பள்ளத்தில் கிடப்பான். அக்காவின் இடது சுண்டுவிரல் எப்போதும் ஷிஃப்டின் மேல்தான் இருக்கும். டைப்ரைட்டரில் கனத்த ஷிஃப்டை அழுத்தி அழுத்திப் பழகிய விரல். அவர் கையில் இளவரசன் விளிம்பைத் தவறவிட்டு நான் பார்த்ததில்லை. எனக்கும் அந்த விரலை அங்கே வைக்கச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான்.

மூன்றாம் கட்டத்திலிருந்து கன்ட்ரோலும் ஜி-யும் சேர்த்து அழுத்தினால் ஆட்டத்தைச் சேமித்து வைக்கலாம். ஆனால் ஒரே ஒரு ஆட்டத்தைத்தான். புதிதாகச் சேமித்தால் பழையது அழிந்துவிடும். ஆளுக்கு ஒரு இளவரசன் என்பதற்கு இடமில்லை. எல்லோருக்கும் சேர்த்து ஒருவன்தான், அவனுடைய மணல் எங்கள் எல்லோருடைய மணல். யாரோ ஒரு பையன் பத்து நிமிஷத்தை வீணடித்துவிட்டுச் சேமித்துவைத்ததில் பெரிய சண்டை வந்தது. அன்றிலிருந்து கன்ட்ரோல்-ஜி அழுத்துகிற உரிமை அக்காவுக்கு மட்டும் என்று முடிவாயிற்று. யாரும் மறுக்கவில்லை. ஒருவர் ஆடுவார், மற்றவர்கள் நோட்டைப் பார்த்து வழி சொல்வார்கள். "அடுத்த ரூம்ல வெட்டுக்கத்தி இருக்கு, நில்லு, நில்லு, இப்பப் போ." கரண்ட் போனால் எல்லோரும் ஒன்றாக "ஐயோ" என்போம். யு.பி.எஸ். சார் மேசைக்கு மட்டும்தான்.

மூன்றாம் கட்டத்து எலும்புக்கூட்டைத் தாண்டவே நாள்கணக்கில் ஆயிற்று. எத்தனை குத்தினாலும் சாகாது, அது ஏற்கெனவே செத்தது. பின்னுக்குத் தள்ளித் தள்ளிக்கொண்டுபோய் விளிம்பிலிருந்து விழவைக்க வேண்டும். அது நடந்த அன்று சார் தன் காசில் எல்லோருக்கும் கலர் சோடா வாங்கிக் கொடுத்தார்.

அதற்கடுத்துத்தான் கண்ணாடி.

நாலாம் கட்டத்தின் கடைசியில் பலகையை மிதித்து, வெளியேறும் கதவைத் திறந்தாயிற்று. வந்த வழியே திரும்பிப் போனால் போதும். திரும்பி வந்தால், வரும்போது காலியாக இருந்த இடத்தில் ஆளுயரக் கண்ணாடி ஒன்று வழியை மறித்து நிற்கிறது. இளவரசன் அருகில் போனால் அவன் பிம்பமும் எதிரே வருகிறது. வேறு வழி இல்லை. மேலே ஏற இடமில்லை, கீழே இறங்கப் பள்ளமில்லை, மிதிக்கப் பலகையில்லை. ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். ஏதாவது கல்லைத் தட்டினால் திறக்கும் என்றான் ஒருவன். ஃபிளாப்பி கரப்ட் ஆகியிருக்கும், இதற்கு மேல் இதில் ஆட்டமே இல்லை என்றார் சார். ஒரு வாரத்துக்கு மேல் அங்கேயே கிடந்தோம். மிச்ச நேரம் குறையக்கூடாதே என்று சேமித்த இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போனோம். கேட்க ஆளில்லை. மெட்ராஸில் சாரின் தம்பிக்கும் அந்த இடத்துக்கு மேல் தெரியவில்லை. தெரிந்தவர் யாராவது ஊரில் இருக்கிறார்களா என்று வண்ணாரப்பேட்டை வரைக்கும் சைக்கிளில் போய் வேறு சென்டரில் விசாரித்துவிட்டு வந்தான் ஒரு பையன்.

அக்கா அந்த வாரம் அதிகம் ஆடவில்லை. பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். ஒருநாள் என் தோளைத் தொட்டு எழுந்திருக்கச் சொல்லி உட்கார்ந்தார். இளவரசனைக் கண்ணாடிக்கு எதிர்ப்புறம் திருப்பி, எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம் நடத்திக்கொண்டுபோனார்.

"எங்கக்கா போறீங்க? வழி அங்க இல்லியே" என்றேன்.

"ஏட்டி, அது செவுரா? கண்ணாடிதான? ஓடிப் போயிப் பாப்பம்."

திருப்பினார். ஓடவிட்டார். கண்ணாடிக்கு ஓரடி இருக்கையில் தாவவைத்தார். இளவரசன் கண்ணாடிக்குள் புகுந்து மறுபக்கம் விழுந்தான். அதே சமயம் கண்ணாடியிலிருந்து அவனைப் போலவே ஒருத்தன் வெளியே தாவி, எதிர்த்திசையில் ஓடி மறைந்தான். கீழே பார்த்தால் இருந்த உயிரில் ஒன்றுதான் மிச்சம்.

யாரும் கைதட்டவில்லை. "ஏலே, அது யாருலே?" என்று ஒருவன் கேட்டது மட்டும் நினைவிருக்கிறது.

அந்த நிழல் மனிதன் எப்படி வந்தான் என்பதை மெக்னர் பிற்பாடு நூலாக வெளியிட்ட தன் நாட்குறிப்புகளில் படித்தேன். வேலை பாதிக்கு மேல் முடிந்த பிறகும் விளையாட்டில் எதிரி என்று யாருமில்லை. சண்டை வேண்டும் என்று கூட வேலை பார்த்த டோமி பியர்ஸ் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் தம்பியின் அசைவுப் படங்களே ஆப்பிள் டூவின் நினைவகத்தை அடைத்துவிட்டன. இன்னொரு ஆளை வரைந்து வைக்க இடமில்லை. அப்போதுதான் இளவரசனின் படங்களையே எடுத்து, ஒரு பிட் தள்ளி, தன்மேல் தானே படியும்படி திரையில் போட்டுப் பார்த்தார். பளபளக்கும் ஒரு நிழல் கிடைத்தது. இடம் இல்லாமைக்குக் கண்ட வழியே அந்த விளையாட்டின் உயிராகிவிட்டது. பிறகு ஏதேதோ குறைத்து இடம் பண்ணிக் காவலர்களையும் சேர்த்தார். ஆனால் நிழலுக்கு முன்னால் மற்ற எதிரிகள் எல்லாம் வெறும் ஆட்கள்தான்.

நிழல் அடுத்த கட்டத்தில் நமக்கு முன்னால் ஓடிப்போய்க் குப்பியைக் குடித்துவிடும். அதற்கடுத்த கட்டத்தில் கதவை மூடி நம்மைப் பள்ளத்தில் தள்ளிவிடும். எங்களுக்கு ஜாஃபரை விட அவன்மேல்தான் கோபம். எட்டாம் கட்டத்தில் வெளியேற முடியாதபடி கதவு மூடிக்கொள்ளும். அங்கேயும் கண்ணாடியைப் போலவே எல்லாவற்றையும் முயன்று களைத்தோம். சும்மா நின்றபோதுதான், இளவரசி அனுப்பிய குட்டி எலி ஒன்று மறுபக்கம் ஓடிவந்து பலகையில் ஏறிக் கதவைத் திறந்துவிட்டது. கடைசியில் உச்சிக் கோபுரத்தில் நிழல் வாளோடு எதிரே வரும். அவனைக் குத்தினால் நம் உயிர் குறைகிறது. கொன்றால் நாமும் சாகிறோம். வாளை உறையில் போட்டுவிட்டு அவனை நோக்கி ஓட வேண்டும். இரண்டு பேரும் மோதி ஒன்றாகிவிடுவார்கள்.

இவற்றில் ஒன்றுகூட விரல் வேகத்தால் தீர்வதில்லை. அத்தனை நேரம் கையைப் பழக்கிவிட்டு, முக்கியமான இடங்களில் கை உதவாது என்று சொல்லுகிற விளையாட்டை அதற்குப் பிறகு நான் அதிகம் பார்த்ததில்லை. எவ்வளவு கோபப்படுத்தினாலும் அது எங்களிடம் ஒருபோதும் பொய் சொன்னதில்லை. செத்த ஒவ்வொரு முறையும் ஏன் செத்தோம் என்று எங்களுக்குத் தெரிந்தது.

விடுமுறை முடிகிற சமயத்தில் சாரின் தம்பி மறுபடி வந்தார். இந்த முறை 'பிரின்ஸ் மெகாஹிட்' என்று அடித்து ஆட்டத்தைத் தொடங்கும் ரகசியத்தோடு வந்தார். அப்படித் தொடங்கினால் ஷிஃப்டும் எல்லும் சேர்த்து அழுத்திக் கட்டங்களைத் தாண்டலாம், காவலர்களை ஒரே கீயில் கொல்லலாம். அவர் வரிசையாகத் தாண்டிக் காட்டினார். எல்லோரும் பார்த்தோம். அக்கா தன் நோட்டை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு டிபேஸ் மெஷினுக்குப் போய்விட்டார். மறுநாள் நாங்கள் விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தோம். மெகாஹிட்டை அங்கே யாரும் அடிக்கவில்லை.

மருந்துக்கடையிலிருந்து வந்த அன்று இரவே அக்காவுக்குப் போன் செய்தேன். தூத்துக்குடியில் இருக்கிறார், பேரன் எடுத்துவிட்டார். பிரின்ஸ் என்றதும் சிரித்தார். "எல்லாரும் கண்ணாடிய ஞாபகம் வச்சிருக்கீய. எனக்கு அந்த எலிதான். அந்த நேரம் வேலைக்கு ஆர்டர் வருமா வருமான்னு காத்துக்கிட்டுக் கெடந்தேன் பாரு" என்றார். அந்த மாடியில் தினமும் பக்கத்தில் நின்றிருக்கிறேன், அவருக்குள் அப்படியொரு காத்திருப்பு ஓடிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகள் இப்போது லேப்டாப்பில் அதை ஆடுகிறாள். பழைய டாஸ் விளையாட்டுகள் பிரவுசரிலேயே ஓடுகின்றன. மெக்னரின் ஆப்பிள் டூ நிரல் தொலைந்துவிட்டதென்றே பல காலம் நினைத்திருந்தார்கள். 2012-இல் அவருடைய அப்பா வீட்டுப் பெட்டி ஒன்றில் பழைய ஃபிளாப்பிகளைக் கண்டெடுத்துக் கொடுக்க, அதை மீட்டு எல்லோரும் படிக்கும்படி இணையத்தில் போட்டுவிட்டார்.

முதல் நாளே மகள், "அம்மா, ஃபுல் கேமும் யூடியூப்ல இருக்கே, இருபது நிமிஷத்துல முடிச்சிருக்காங்க" என்றாள். இருக்கட்டும், அதைக் கண்ணாடி வந்த பிறகு பார்க்கலாம் என்றேன். இப்போது கண்ணாடிக்கு முன்னால்தான் நிற்கிறாள். கோபத்தில் லேப்டாப்பை மூடுகிறாள், சாப்பிட்டுவிட்டு வந்து திறக்கிறாள். இடது சுண்டுவிரல் ஷிஃப்டில் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் இரண்டு சிநேகிதிகளையும் இதில் இழுத்துவிட்டிருக்கிறாள். சாயங்காலம் மூன்று பேரும் போனில் அதைப் பற்றித்தான் பேசுகிறார்கள். எனக்கு நாக்கின் நுனிவரை வருகிறது. சொல்லவில்லை.

உங்கள் வீட்டிலும் யாராவது இதைத் தொடங்கினால் பக்கத்தில் உட்காருங்கள், வழி மட்டும் சொல்லாதீர்கள். கண்ணாடியையும் எலியையும் வாளையும் இங்கே எழுதிவிட்டேன், அவை இல்லாமல் அக்காவைப் பற்றி எழுத முடியாது. நிழலோடு ஒன்றான பிறகு, ஜாஃபரைச் சந்திப்பதற்கு முன், இன்னும் ஓர் இடம் இருக்கிறது. எதிரே தரையே கிடையாது. அங்கே என்ன செய்ய வேண்டும் என்பதை நான் எழுதப்போவதில்லை. யாரிடமும் கேட்காமல் அதைத் தாண்டியவர்கள் எனக்கு இரண்டு வரி எழுதிப் போடுங்கள்.